இணைய வழங்கிகளின் வேகப் போட்டி: நேர்மையான ஒப்பீட்டின் நெறிகள்

ஓர் இணையதளத்தைப் பயனர் தம் உலாவியில் திறக்கும்போது, அந்தக் கோரிக்கையை மறுமுனையில் பெற்றுக்கொண்டு, வட்டில் உள்ள கோப்பையோ நிரலொன்று அப்போதே ஆக்கித் தரும் பக்கத்தையோ திருப்பி அனுப்பும் மென்பொருள் இணைய வழங்கி, அதாவது வெப் சர்வர், எனப்படுகிறது. செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் வழங்கியை அடுத்து, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கி 1993இல் பரவலாயிற்று. அதன் நிரலிலிருந்து கிளைத்த அப்பாச்சி 1995இல் வெளிவந்தது. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ், யான் க்னெஷ்கேயின் லைட்டி, ஈகோர் சிசோயெவ் 2004இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்த என்ஜின்எக்ஸ் எனப் போட்டியாளர்கள் பெருகியபோது, இவற்றுள் எது வேகமானது என்ற கேள்வியும் உடன் வளர்ந்தது. அக்கேள்விக்கு விடையாக வெளியான சோதனை முடிவுகளுள் பல ஒன்றையொன்று மறுக்கின்றன. அந்த முரண்கள் எங்கிருந்து பிறக்கின்றன, அவற்றைத் தவிர்க்க ஆய்வுலகம் கண்டறிந்த நெறிகள் யாவை, அந்நெறிகளாலும் தீராமல் எஞ்சுவது எது என்பவற்றைத் தொகுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேகம் என்பது ஓர் எண்ணா?

வழங்கியின் செயல்திறனைப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு விநாடிக்கு எத்தனை கோரிக்கைகளுக்கு அது விடையளிக்கிறது என்ற செயல்வீதத்தையே குறிக்கின்றனர். ஆனால் பயனர் உணர்வது தம் ஒரு கோரிக்கைக்கு விடை வந்து சேர எடுத்த மறுமொழி நேரத்தை. தளத்தை நடத்துபவர் உணர்வது அதே வேலைக்குச் செலவான நினைவகத்தையும் செயலி நேரத்தையும். நெருக்கடி வேளையில் இவ்விருவரும் உணர்வது தாங்கும் எல்லை கடந்தபின் வழங்கி மெல்லத் தளர்கிறதா, ஒரேயடியாகச் சரிகிறதா என்பதை. இந்நான்கும் தனித்தனி அளவைகள். ஒன்றில் முந்தும் வழங்கி மற்றொன்றில் பிந்தலாம்.

என்ஜின்எக்ஸ் உருவான பின்னணி இதைத் தெளிவாக்கும். ஒரே கணினி ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எவ்வாறு என்ற சிக்கலை, சி10கே என்ற பெயரில் டான் கெகல் 1999இல் முன்வைத்தார். அக்கால அப்பாச்சி ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறையை, அதாவது தனக்கென நினைவகம் கொண்டு இயங்கும் ஒரு நிரல் படியை, ஒதுக்கியது. இணைப்புகள் சிலவாகவும் வேலை மிகுதியாகவும் உள்ள தளத்தில் இம்முறையால் பெரிய இழப்பில்லை. மெதுவான தொலைபேசி இணைப்பில் பல்லாயிரவர் காத்திருக்கும் தளத்திலோ, சும்மா காத்திருப்போர் ஒவ்வொருவருக்காகவும் நினைவகம் முடங்கியது. ஒரே செயல்முறை பல்லாயிரம் இணைப்புகளைக் கண்காணித்து, எதில் நிகழ்வு நேர்கிறதோ அதை மட்டும் கவனிக்கும் நிகழ்வுவழி அமைப்பை என்ஜின்எக்ஸ் கைக்கொண்டது அச்சிக்கலுக்கு விடையாகத்தான். ஆகவே நூறு இணைப்புகளுடன் இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒரு முடிவும், பத்தாயிரம் இணைப்புகளுடன் ஒப்பிட்டால் வேறு முடிவும் கிடைப்பதில் வியப்பில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடப்படுகிறது என்பதை முதலில் சொல்லாத சோதனைக்கு எந்த விடையும் பொருந்திவிடும்.

மைண்ட்கிராஃப்ட் சோதனை

இத்துறையில் மிகவும் விவாதிக்கப்பட்ட ஒப்பீடு 1999 ஏப்ரலில் வெளியானது. மைக்ரோசாஃப்டின் நிதியில் மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம் நடத்திய அச்சோதனையில், 400 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள நான்கு பென்டியம் II ஜியான் செயலிகளும் விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள நான்கு வலையமைப்பு அட்டைகளும் கொண்ட ஒரு டெல் கணினியில், விண்டோஸ் என்டி 4.0 உடன் ஐஐஎஸ் ஒருபுறமும், ரெட் ஹேட் லினக்ஸ் உடன் அப்பாச்சி மறுபுறமும் நிறுத்தப்பட்டன. இணைய வழங்கியாக என்டி 3.7 மடங்கு வேகமானது என்பது அறிக்கையின் முடிவு.

லினக்ஸ் தரப்பின் மறுப்புகள் மூன்று வகையின. முதலாவது, பணம் கொடுத்தவரே போட்டியாளராக இருந்தது. இரண்டாவது, விண்டோஸ் பக்கம் ஒவ்வொரு வலையமைப்பு அட்டையும் ஒவ்வொரு செயலியுடன் பிணைக்கப்பட்டது உட்பட நுணுக்கமான சீரமைப்புகள் நடந்திருக்க, லினக்ஸ் பக்கம் அதே அளவு தேர்ச்சி காட்டப்படவில்லை என்பது. மூன்றாவது, மாறாத கோப்புகளை மட்டும் நான்கு அட்டைகள் வழியே மொத்தம் 400 மெகாபிட் வேகத்தில் வழங்கும் வேலை நடைமுறையில் எங்கும் இல்லை என்பது, நிறுவனங்கள் 1.5 மெகாபிட் டி1 இணைப்பையே பெரிதாகக் கருதிய காலம் அது.

இம்மறுப்புகளின் விளைவாக, ரெட் ஹேட் பொறியாளர்களும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களும் உடனிருந்து தத்தம் தரப்பைச் சீரமைக்க, அவ்வாண்டு ஜூனில் பிசி வீக் இதழின் சோதனைக்கூடத்தில் மறுசோதனை நடந்தது. இடைவெளி குறைந்தது, ஆயினும் என்டியே முந்தியது. முதற்சோதனை குறையுடையது என்ற குற்றச்சாட்டும் சரி, அது காட்டிய வெற்றியாளரும் சரி என்ற இந்த நிலைதான் இவ்விவகாரத்தை இன்றும் படிக்கத்தக்கதாக்குகிறது. காரணத்தைத் தேடியபோது இரண்டு குறைகள் வெளிப்பட்டன. ஒன்று, அன்றைய லினக்ஸ் 2.2 கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் உட்கருவில், வலையமைப்புப் பகுதி ஒரே பூட்டின் கீழ் இயங்கியதால், நான்கு செயலிகள் இருந்தும் ஒரு நேரத்தில் ஒன்றே அப்பகுதிக்குள் நுழைய முடிந்தது. மற்றொன்று, புதிய இணைப்பு ஒன்று வந்தால் அதற்காகக் காத்திருந்த அப்பாச்சிச் செயல்முறைகள் அனைத்தும் ஒருசேர விழித்தெழுந்து, ஒன்றுக்கு மட்டும் வேலை கிடைக்க, ஏனையவை வெறுமனே மீண்டும் உறங்கச் சென்றன. இவ்விரண்டும் 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலுக்குள் சீர்செய்யப்பட்டன. இடையில் இங்கோ மோல்னார் எழுதிய டக்ஸ் என்னும் கெர்னல்வழி வழங்கி 2000இல் ஸ்பெக்வெப்99 என்ற பொது அளவுகோல் சோதனையில் முன்னணி இடத்தைப் பிடித்தது. முதல் அறிக்கை தந்த 3.7 என்ற எண்ணால் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அவ்வெண்ணின் காரணத்தைத் தேடிய முயற்சியே ஓர் இயங்குதளத்தைத் திருத்தியது.

சமமான வேலை

ஒரே கணினியும் ஒரே கோப்பும் கொடுத்துவிட்டால் இரு வழங்கிகளும் சமமாக நிறுத்தப்பட்டுவிட்டன என்று கருதுவது பரவலான பிழை. நிறுவியவுடன் உள்ள இயல்பு அமைப்புகளில் அவை செய்யும் வேலையே வேறு. பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் ஜீசிப் வசதியை எடுத்துக்கொண்டால், அதை இயக்கும்போது என்ஜின்எக்ஸ் இயல்பாகச் சுருக்கத்தின் மிகக் குறைந்த நிலையான 1ஐக் கொள்கிறது; அப்பாச்சியோ சுருக்க நூலகத்தின் இயல்பு நிலையான 6ஐக் கொள்கிறது. இந்நிலையில் என்ஜின்எக்ஸ் விநாடிக்கு அதிகக் கோரிக்கைகளை முடித்தால், அதன் ஒரு பங்கு குறைவாகச் சுருக்கியதன் பயனாகும். அவ்வாறு மிஞ்சிய செயலி நேரத்திற்கு ஈடாக வலையமைப்பில் கூடுதல் பைட்டுகள் பயணம் செய்திருக்கும்.

அப்பாச்சியில் ஒவ்வோர் அடைவுக்கும் தனி விதிகளை எழுதிவைக்க உதவும் எச்டி-ஆக்சஸ் கோப்பு மற்றொரு சான்று. இவ்வசதி அனுமதிக்கப்பட்டிருந்தால், கேட்கப்பட்ட கோப்பு நான்கு அடைவுகள் ஆழத்தில் இருக்கும்போது, வழியில் உள்ள அடைவு ஒவ்வொன்றிலும் அப்படியொரு கோப்பு உண்டா என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் வழங்கி தேடியாக வேண்டும். அக்கோப்பு எங்குமே இல்லாவிட்டாலும் தேடல் நிற்காது. என்ஜின்எக்ஸில் அத்தகைய வசதியே இல்லாததால் அத்தேடலும் இல்லை. வருகைப் பதிவேட்டை எழுதுவது, ஓர் இணைப்பில் எத்தனை கோரிக்கைகள் வரை ஏற்பது, எத்தனை செயல்முறைகளை இயக்குவது, மறையாக்கத்திற்கு எந்த முறையைத் தேர்வது ஆகியவற்றிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு.

இதற்குத் தீர்வாக மூன்று வழிகள் பின்பற்றப்படுகின்றன. நிறுவியபடியே ஒப்பிடுவது ஒன்று. அனுபவமில்லாத ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு அது சரியான விடை தரும். இரு பக்கமும் ஒரே வசதிகளை ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுவது மற்றொன்று. நிரலின் திறனை அறிய அது உதவும். ஒவ்வொன்றையும் அதில் தேர்ந்தவர் கையால் உச்சத்திற்குச் சீரமைத்தபின் ஒப்பிடுவது மூன்றாவது. பெரிய தளத்தை நடத்துவோருக்கு அதுவே பயன்படும். மூன்றும் முறையானவையே. ஒன்றின் முடிவை மற்றொன்றின் விடையாகக் காட்டுவதும், தனக்குப் பழக்கமான வழங்கியைத் தேர்ச்சியுடன் சீரமைத்துவிட்டு மற்றதை இயல்பு நிலையில் விட்டுவிடுவதும்தான் முறைகேடுகள்.

சுமை தரும் முனையில் நேரும் பிழைகள்

சோதனைக்குச் செயற்கையாகக் கோரிக்கைகளை அனுப்பும் நிரல் சுமைக்கருவி எனப்படும். அப்பாச்சியுடன் வரும் அப்பாச்சிபெஞ்ச், ஹெச்பி ஆய்வகத்தில் 1998இல் உருவான எச்டிடிபெர்ஃப், பின்னர் வந்த டபிள்யூஆர்கே ஆகியவை இவ்வகையின. அளவுகோலே வளைந்திருந்தால் அளவும் வளையும் என்பதால், வழங்கியைச் சோதிக்குமுன் கருவியைச் சோதிப்பது கடமையாகிறது. அப்பாச்சிபெஞ்ச் ஒரே இழையில், அதாவது செயலியின் ஒரே ஓட்டத்தில், இயங்குவதால், பல செயலிகள் கொண்ட கணினியில் இயங்கும் வழங்கியை அது முழுமையாக நிரப்ப முடியாமல் போகலாம். அப்போது அளக்கப்படுவது கருவியின் எல்லையே. கருவியையும் வழங்கியையும் ஒரே கணினியில் இயக்கினால், இரண்டும் ஒரே செயலிக்குப் போட்டியிடுவதால் முடிவு மேலும் குழம்பும்.

வலையமைப்பின் எல்லையும் இவ்வாறே ஏமாற்றும். விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைப்பு 125 மெகாபைட்டுகளையே சுமக்கும்; ஒவ்வொரு கோப்பும் 100 கிலோபைட் எனில், எவ்வளவு சிறந்த வழங்கியாயினும் விநாடிக்கு 1,250 கோரிக்கைகளைத் தாண்ட வழியில்லை. அந்நிலையில் போட்டியிட்ட அனைத்தும் சமம் என்று அறிவிக்கும் அட்டவணை உண்மையில் கம்பியின் அளவையே அறிவிக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் தேவைப்படும் போர்ட் எண்களின் தட்டுப்பாடு இன்னும் நுட்பமானது. லினக்ஸில் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு இயல்பாக ஒதுக்கப்பட்டவை 32768 முதல் 60999 வரையிலான 28,232 எண்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய இணைப்பைத் திறந்து, கருவியே அதை முதலில் மூடினால், மூடப்பட்ட எண் 60 விநாடிகள் டைம்-வெயிட் என்னும் ஓய்வு நிலையில் கிடக்கும். எனவே ஒரே முகவரியிலிருந்து ஒரே வழங்கியை நோக்கித் தொடர்ச்சியாகத் திறக்கக்கூடிய புதிய இணைப்புகள் விநாடிக்குச் சுமார் 470 மட்டுமே. சோதனை தொடங்கிய சிறிது நேரத்தில் வேகம் திடீரென வீழ்ந்தால், குற்றவாளி வழங்கியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இவற்றைவிட அடிப்படையான பிழை சுமையின் இயல்பிலேயே உள்ளது. பெரும்பாலான கருவிகள் ஒரு கோரிக்கைக்கு விடை வந்தபின்னரே அடுத்ததை அனுப்புகின்றன. இது மூடிய முறை. உண்மை உலகில் பயனர்கள் ஒருவரையொருவர் அறியாமல் வந்துகொண்டே இருக்கின்றனர். இது திறந்த முறை. மூடிய முறையில் வழங்கி தாமதித்தால் சுமையும் தானே குறைந்துவிடுவதால், தாங்கும் எல்லைக்கு அப்பால் அதைத் தள்ளிப் பார்க்கவே முடிவதில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் பங்காவும் ட்ருஷெலும் 1997இலேயே இக்குறையைச் சுட்டிக்காட்டி மாற்றுக் கருவியொன்றை முன்வைத்தனர். இவ்விரு முறைகளின் முடிவுகள் எவ்வளவு விலகக்கூடும் என்பதை ஷ்ரோடர், வீர்மன், ஹார்ச்சோல்-பால்ட்டர் ஆகியோர் 2006இல் விரிவாக நிறுவினர். மேலும், ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, நிலுவையில் உள்ள கோரிக்கைகளின் எண்ணிக்கை என்பது வருகை வீதத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கி வரும் மதிப்பே. 100 இணைப்புகளை மட்டும் வைத்து மூடிய முறையில் அளக்கும்போது, சராசரி மறுமொழி 10 மில்லிவிநாடி எனில் செயல்வீதம் 10,000 ஆகியே தீரும். அந்நிலையில் செயல்வீதமும் சராசரி மறுமொழி நேரமும் இருவேறு கண்டுபிடிப்புகளாகா.

சராசரி மறைப்பவை

மூடிய முறை மறுமொழி நேரக் கணக்கை எவ்வாறு திரிக்கிறது என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். 10 மில்லிவிநாடிக்கு ஒரு கோரிக்கை வீதம் ஒரு நிமிடத்திற்கு 6,000 கோரிக்கைகள் அனுப்பத் திட்டமிடப்பட்டுள்ளன. வழங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிவிநாடியில் விடை தருகிறது. ஆனால் இடையில் ஒருமுறை 6 விநாடிகள் உறைந்துவிடுகிறது. மூடிய முறையில் இயங்கும் கருவி அந்த 6 விநாடிகளும் ஒரே விடைக்காகக் காத்திருப்பதால், அதன் பதிவேட்டில் ஒரு மில்லிவிநாடி எடுத்த 5,400 கோரிக்கைகளும் 6 விநாடி எடுத்த ஒரு கோரிக்கையும் மட்டுமே இருக்கும். சராசரி சுமார் 2 மில்லிவிநாடி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கோரிக்கைகள் எந்த நேரத்திற்குள் முடிந்தன என்று சொல்லும் 99ஆம் நூற்றுமானம் ஒரு மில்லிவிநாடி. உண்மையில் அந்த உறைவின்போது வந்திருக்க வேண்டியவை 600 கோரிக்கைகள். முதலில் வந்தது 6 விநாடியும், அடுத்தடுத்து வந்தவை சற்றுச் சற்றுக் குறைவாகவும் காத்திருந்திருக்கும். திட்டமிட்ட நேரத்திலிருந்து கணக்கிட்டால் 99ஆம் நூற்றுமானம் ஏறத்தாழ 5.4 விநாடி. ஒரே நிகழ்ச்சிக்கு ஐயாயிரம் மடங்குக்கு மேல் வேறுபட்ட இரு எண்கள் கிடைக்கின்றன. சீட்டு கொடுக்கும் சாளரம் மூடியிருந்தபோது வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு, திறந்தபின் வந்தவர்களின் காத்திருப்பை மட்டும் எண்ணுவதற்கு இது ஒப்பாகும். கில் டெனே இப்பிழைக்கு ஒரு பெயரிட்டுப் பரவலாக எடுத்துரைத்ததுடன், நிலையான வீதத்தில் கோரிக்கை அனுப்பும் டபிள்யூஆர்கே2 என்ற கருவியையும் உருவாக்கினார்.

அரிதாக நேரும் தாமதம் பெரிய அமைப்புகளில் அரிதாக இருப்பதில்லை. ஜெஃப் டீனும் லூயி பரோசோவும் 2013இல் காட்டிய கணக்கின்படி, ஒவ்வொரு வழங்கியும் நூற்றில் ஒரு முறை மட்டும் ஒரு விநாடிக்கு மேல் தாமதித்தாலும், ஒரு பக்கத்தை ஆக்க அத்தகைய நூறு வழங்கிகளிடம் கேட்க வேண்டியிருந்தால், பயனர்களின் கோரிக்கைகளுள் 63 விழுக்காடு ஒரு விநாடியைத் தாண்டும். எனவே சராசரியுடன் இடைநிலை அளவையும் 99, 99.9 ஆகிய நூற்றுமானங்களையும் தருவது கட்டாயமாகிறது. ஒரே ஓட்டத்தின் முடிவும் போதாது: செயலியின் வெப்பம், முதல் ஓட்டத்தில் நினைவகத்திற்கு வந்துவிட்ட கோப்புகள், பின்னணியில் இயங்கும் வேறு நிரல்கள் ஆகியவை முடிவை அசைக்கும். நிரலுடன் தொடர்பற்ற சூழல் மாறிகளின் நீளமும் பகுதிகள் இணைக்கப்பட்ட வரிசையும்கூட அளவீட்டைத் திரிக்க வல்லவை என்று மிட்கோவிச்சும் உடனாய்வாளர்களும் 2009இல் மெய்ப்பித்தனர். ஆகவே போட்டியாளர்களை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி, முடிவுகளின் சிதறலையும் சேர்த்து வெளியிட வேண்டும். சிதறலைவிடச் சிறிய முந்துதல் முந்துதலாகாது.

பொது அளவுகோல்களும் மறு ஆய்வுகளும்

ஒவ்வொருவரும் தமக்கு ஏற்ற சோதனையை வகுப்பதைத் தவிர்க்க, ஸ்பெக் என்ற அமைப்பு 1996, 1999, 2005, 2009 ஆகிய ஆண்டுகளின் பெயரில் பொது அளவுகோல்களை வெளியிட்டது. ஸ்பெக்வெப்96இல் கோரிக்கைகளுள் 35 விழுக்காடு ஒரு கிலோபைட்டுக்குக் குறைந்த கோப்புகளுக்கும், 50 விழுக்காடு 10 கிலோபைட் வரையுள்ளவற்றுக்கும், 14 விழுக்காடு 100 கிலோபைட் வரையுள்ளவற்றுக்கும், எஞ்சிய ஒரு விழுக்காடு அதனினும் பெரியவற்றுக்கும் என வகுக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டுப் பதிப்பு, 30 விழுக்காடு கோரிக்கைகளை நிரல் ஆக்கித் தரும் பக்கங்களாக்கியதுடன், குறைந்தது விநாடிக்கு 3,20,000 பிட் வேகம் பெறும் இணைப்புகளின் எண்ணிக்கையையே மதிப்பாகக் கொண்டது. இதனால் மிகப் பலருக்கு மிக மெதுவாக வழங்கிவிட்டு மதிப்பு பெறும் வழி அடைபட்டது. அறிக்கையில் அமைப்புகள் அனைத்தையும் வெளியிடும் கட்டாயம் இம்மரபின் சிறப்பு. அளவுகோலுக்கென்றே மென்பொருளையும் வன்பொருளையும் வளைத்துக்கொள்ள விற்பனையாளர்களைத் தூண்டியது இதன் குறை. 2013இல் டெக்எம்பவர் நிறுவனம் தொடங்கிய வலைச்சட்டக ஒப்பீடு, சோதனை நிரலைத் திறந்து வைத்து, ஒவ்வொரு மென்பொருளின் ஆதரவாளர்களும் தத்தம் பகுதியைத் திருத்தி அனுப்ப இடமளித்தது. சீரமைப்பில் ஓரவஞ்சனை என்ற புகார் இதனால் குறைந்தது. ஆயினும் போட்டிக்காகவே செதுக்கப்பட்ட, எந்தத் தளத்திலும் எவரும் எழுதாத நிரல்கள் பட்டியலின் உச்சிக்கு ஏற வழியும் பிறந்தது.

இணைப்புக்கு ஓர் இழை என்ற அமைப்பா, நிகழ்வுவழி அமைப்பா என்ற நெடிய விவாதம் அளவீட்டின் பங்கைத் தெளிவாகக் காட்டுகிறது. 1999இல் வெளியான ஃபிளாஷ் வழங்கியும் 2001இல் வெளியான சீடா அமைப்பும் நிகழ்வுவழியின் பக்கம் சான்று தந்தன; 2003இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் இழைகளே போதும் என்று வாதிட்டு, நாட் என்ற வழங்கியைக் கொண்டு சான்று காட்டினர். வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் ஒவ்வோர் அமைப்பையும் பொறுமையாக அதனதன் உச்சத்திற்குச் சீரமைத்தபின் ஒப்பிட்டபோது, நிகழ்வுவழி வழங்கியும் கலப்பு வழங்கியும் நாட்டைவிட அதிகபட்சம் 18 விழுக்காடே முந்தின. மடங்குக் கணக்கில் பேசப்பட்ட வேறுபாடு, சீரமைப்பு சமமானதும் விழுக்காட்டுக் கணக்குக்குச் சுருங்கியது இங்கு கவனத்திற்குரியது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், நேர்மையான ஒப்பீட்டிற்கு ஐந்து கடமைகள் உள்ளன: கேள்வியை முன்கூட்டியே சொல்வது, இரு பக்கமும் ஒரே வேலை நடப்பதை உறுதிசெய்து, அமைப்புக் கோப்புகளை முழுமையாக வெளியிடுவது, சுமைக்கருவியும் வலையமைப்பும் எல்லையாகவில்லை என்பதைக் காட்டுவது, திறந்த முறையில் அளந்து, நூற்றுமானங்களையும் சிதறலையும் தருவது, இறுதியாக, வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பதை விளக்குவது. முதல் நான்கும் பிழைகளை நீக்குகின்றன. ஐந்தாவதே முடிவை அறிவாக்குகிறது. அது இல்லாதபோது, அடுத்த பதிப்பிலோ அடுத்த கணினியிலோ அம்முடிவு செல்லுபடியாகுமா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே ஒரு வழங்கி மற்றொன்றைவிட இத்தனை மடங்கு வேகமானது என்ற அறிவிப்பைக் காணும் வாசகர், அந்த மடங்கை நம்பித் தம் தளத்தை மாற்றுமுன் அதன் காரணம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேட வேண்டும். எழுதப்படவில்லையெனில், தம் தளத்தின் உண்மையான சுமையைக் கொண்டு தாமே அளந்து பார்ப்பதே தக்கது.